அரை டின் உரம்

கோவாவுக்கு, அதாவது முட்டைக்கோசுக்கு, அடுப்புச் சாம்பலைப் போல நல்லது வேறில்லை. என் கொல்லையில் ஒரு கோவாவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், மூன்றாவது ஆள் முன்னால் நடந்து வழிவிடச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். பூண்டுலோயாவில் என்னைத் தெரிந்தவர்கள், இக்னேசியஸ் சொன்னதைப் பத்தால் வகுத்துக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்து உர ஸ்டோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

நீங்கள் கேட்டது காளியாயியைப் பற்றி. சொல்கிறேன்.

எழுபத்து நான்கில் மாவும் அரிசியும் இல்லாமல் தொழிலாளர் குடியிருந்த லயமே வாடிக் கிடந்தது. புருஷனை இழந்த காளியாயி மூன்று பிள்ளைகளோடு நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என் கொல்லைக்கு அடுத்து அவளுக்குக் கிடைத்தது வெறும் சரளை. சாணம், புல், தேயிலைக் கழிவு எல்லாவற்றையும் குழியில் மக்கவைத்துக் கொட்டினாள். ஆறு மாதத்தில் மண் கறுத்தது. உருளைக்கிழங்குச் செடி முழங்கால் உயரம் நின்றது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் என் கோவாவைத் தாண்டிப் போய் அவள் வரப்பில் நின்றார்கள்.

“ஸ்டோர் ஐயா கோவாவ இனி வகுக்க வேணாம்டி, இது பக்கத்துல தானாவே வகுத்த மாதிரிதான் இருக்கு” என்றாள் அவர்களில் ராசம்மா.

எல்லோரோடும் நானும் சிரித்தேன்.

மறுநாள் காளியாயி ஸ்டோருக்கு வந்தாள். கிழங்கு இன்னும் பெருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அதுதான் சோறு என்றாள்.

“நீங்க சொன்னா சரியா இருக்குங்க ஐயா. யூரியா எவ்வளவு போடணும்?”

எட்டு நாள் கழித்து வரச் சொன்னேன். வந்தாள். உரத்தை நானே அள்ளிக் கொடுத்தேன்.

“பால் டின்னுல அரை டின். ஒரு செடிக்கு. தூரோட போடு, தண்ணி ஊத்தாத.”

ஐந்தாம் நாள் செடிகள் கருகின. தோண்டினால் கோலிக்குண்டு அளவில் கிழங்கு. அதையும் அவித்துத் தின்றார்கள். கடைசிப் பெண் மீனம்மா அந்தக் கார்த்திகையைத் தாண்டவில்லை. மற்ற இரண்டையும் கூட்டிக்கொண்டு போகும்போது காளியாயி என்னைக் கும்பிட்டாள்.

“மண்ணுக்குத்தான் ராசி இல்லீங்க ஐயா.”

அந்த மண்ணில்தான் இப்போது என் கோவா நிற்கிறது.

எல்லோரையும் போல அவளும் வகுத்திருக்கலாமே என்று பல வருடம் சொல்லிப் பார்த்தேன். வகுத்திருந்தால் கிழங்கு பெருத்திருக்கும். ஆனால் அந்த எட்டு நாளில் என் கொல்லையில் இரண்டு கிழங்குச் செடிகளுக்கு யூரியா போட்டுப் பார்த்தேன். கால் டின் போட்டது பிழைத்துக்கொண்டது. அரை டின் போட்டது செத்தது.

என் ஆயுளில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன அளவு அது ஒன்றுதான்.