கண்ணு ஓடுன திசை

— படிச்சாரு, பவுசியா லாத்தா. ஒங்க தம்பி அப்ரார் அன்னைக்கி என்கிட்ட பேசல, படிச்சாரு.

— இந்தா பாரு நுஸைபா, வாயில வந்ததப் பேசாத. கோட்டைப்பட்டினத்துலேருந்து பஸ் மாறி, நீ வேல பாக்குற மூக்குக்கண்ணாடிக் கடைய விசாரிச்சு விசாரிச்சு புதுக்கோட்டை வெயில்ல வந்து நிக்கிறேன். கல்யாணத்துக்கு சம்மதமா இல்லையான்னு கேட்டா, படிப்பு எழுத்துங்கிற.

— வீடியோ கால்ல பொண்ணு பாத்தாருல்ல, அப்ப ஃபோனுக்குப் பின்னாடி எதையோ எழுதி ஒட்டி வச்சிருந்தாரு. கண்ணு வரி வரியா ஓடுச்சு.

— குவைத்துல குப்பூஸ் ரொட்டி வண்டி ஓட்டுறவன். ரோட்டப் பாத்துப் பாத்து கண்ணு அங்கிட்டும் இங்கிட்டும் அலையத்தான் செய்யும்.

— அலையுற கண்ணு வேற, படிக்கிற கண்ணு வேற. காலையிலேருந்து கடை சாத்துற வரைக்கும் ஊரான் கண்ணப் பாக்குறதுதான் என் பொழப்பு. எனக்குத் தெரியாதா?

— அப்ப ஓதியிருப்பான். பொண்ணு முன்னாடி ஒக்காந்த படபடப்புல, செவுத்துல மாட்டுன துஆவ மனசுக்குள்ள ஓதியிருப்பான். அஞ்சு வேளையும் தொழுவுற புள்ள.

— அரபு வலதுலேருந்து இடதுக்குல்ல போகும்? அவரு கண்ணு அவருக்கு இடதுலேருந்து வலதுக்குப் போச்சு. அது சுத்தத் தமிழு லாத்தா.

— அல்லாவே, இப்படியும் ஒரு மாப்பிள்ள பாக்குறதா. நாங்கள்லாம் பொண்ணு பாக்கப் போனா முடியப் பாப்போம், நடையப் பாப்போம், அதோட பிரியாணியத் தின்னுட்டு வந்துருவோம்.

— செரி இருங்க. நீங்க வாங்கிட்டு வந்த சமோசா மடிச்ச பேப்பர எடுங்க. ஒரு கண்ண மூடிக்கங்க. மூடுன கண்ணு மேல வெரல லேசா வைங்க. இன்னொரு கண்ணால படிங்க.

— வர்றவன் போறவன் என்னைய லூசுன்னு நெனப்பான் புள்ள.

— கண்ணாடிக் கடையில ஒத்தக் கண்ண மூடுனா ஒருத்தரும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்க. படிங்க.

— "கீழ்க்கண்ட வினாக்களுள் எவையேனும் ஐந்தனுக்கு..." ஏ புள்ள, வெரலுக்குக் கீழ என்னமோ துள்ளுது. தவக்களைய மூடி வச்ச மாதிரி இருக்கு.

— அதேதான். கண்ணு வரியில வழுக்கிக்கிட்டுப் போறதில்ல. துள்ளும், ஒக்காரும், மறுபடி துள்ளும். வரி முடிஞ்சதும் ஒரே தாவா அடுத்த வரிக்கு ஓடியாரும். வெளங்காத வார்த்தை வந்துச்சுன்னா பின்னாடி போயி திரும்பப் பாக்கும். "இல்லறம் என்னும் இனிய படகில்"னு சொன்னாருல்ல ஒங்க தம்பி, அப்ப கண்ணு பின்னாடி பின்னாடியே போச்சு. கரையேறவே இல்ல.

— நல்ல வார்த்தைதானே அது.

— குப்பூஸ் வண்டி ஓட்டுறவரு எதுக்கு லாத்தா படக ஏத்திக்கிட்டு வர்றாரு?

— ஏன், எங்க ஊர்ல படகுக்கு என்ன கொறச்சல்?

— செரி, எழுதிக் குடுத்தது யாரு?

— யாரோ. எனக்கென்ன தெரியும்.

— "தங்கள் விழிகளில் கடலின் குளுமை கண்டேன்"னாரே, அதுவும் யாரோதானா?

— கடலுன்னு எங்க எழுதுனேன்? நிலவுன்னுல்ல எழுதுனேன்.

— அப்படி வாங்க வழிக்கு.

— செரி, நான்தான் எழுதுனேன். அதுக்கென்ன இப்ப? பொம்பளையாளுகளப் பாத்தா அவனுக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். இதுக்கு முன்னாடி ஒரு எடத்துல "ம்"முனு மட்டும் சொல்லிட்டு கட் பண்ணிட்டான். மாப்பிள்ள ஊமைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. உம்மா அழுவுறதப் பாக்க முடியாமத்தான் எழுதி வாட்ஸப்புல அனுப்புனேன். பெருசா எழுதி அட்டையில ஒட்டுடான்னு சொன்னதும் நான்தான்.

— அப்ப எனக்குப் புடிச்சுப்போனது ஒங்களையா லாத்தா?

— புடிச்சுப்போச்சுன்னு இப்பத்தான் வாயத் தொறக்குற.

— புடிச்சதுனாலதான் பயமா இருக்கு. எனக்கு மொத நிச்சயம் பண்ண ஆளும் இப்படித்தான், பேச்சுல தேனு ஒழுகுச்சு. அம்புட்டும் பொய்யின்னு தெரிஞ்சப்ப எங்க வீட்டுல அடுப்பு எரியல. இன்னொரு தடவ ஜோடிச்ச பேச்ச நம்பி ஏமாற எனக்குத் தெம்பு கெடையாது. சொந்தமா ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. தப்பாப் பேசுனாலும் பரவால்ல, திக்குனாலும் பரவால்ல. அது வரைக்கும் என்கிட்ட சம்மதம் கேக்காதீங்க. ஒங்க உம்மாகிட்டயும் இதையே சொல்லிருங்க.

— சொந்தமா பேசுனான். ஒன்கிட்ட இல்ல, என்கிட்ட. ஒன் வீடியோ கால முடிச்ச கையோட எனக்கு ஃபோனு போட்டான். ஒன்கிட்ட சொல்ல வேணாம்னுதான் வந்தேன், நீ விட மாட்டேங்கிற.

— என்ன சொன்னாரு?

— "லாத்தா, அந்தப் புள்ளையும் படிக்கிது"ன்னான்.

— யாரு, நானா?

— இங்க வேற யாரு இருக்கா? அவன் முந்துன நாளே அட்டையப் பாத்து ஒப்பிச்சு, அத வீடியோ எடுத்துப் போட்டுப் பாத்திருக்கான். கண்ணு ஓடுறது நல்லாத் தெரிஞ்சுச்சாம். பொண்ணு கண்டுபுடிச்சிருமோன்னு நடுங்கிக்கிட்டே வந்து ஒக்காந்தா, ஒன் கண்ணும் அதே மாதிரி துள்ளித் துள்ளி ஓடுச்சாம்.

— அது வந்து லாத்தா... பயத்துல எல்லாம் மறந்துரும்னு கூட வேல பாக்குற ஷர்லி எழுதிக் குடுத்தா.

— "சமையற்கலையில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு"ன்னியே, அதுவுமா?

— அதுவுந்தான்.

— அல்லாவே. இந்த லட்சணத்துல என்னைய ஒத்தக் கண்ண மூடச் சொல்லி விசாரணை வேற.

— சிரிக்காதீங்க லாத்தா. ஒங்க தம்பி வேணாம்னுட்டாரா?

— ஏன், மூஞ்சி வாடுது? அட்டையில ஒட்டுன பேச்சத்தான் நம்ப மாட்டேன்னியே.

— சொல்லுங்க லாத்தா.

— "அந்தச் சமையற்கலைய படிச்சுக்கிட்டு இருக்கும்போதே வெடுக்குன்னு திரும்பி, 'உம்மா, அடுப்புல ஆணம் தீயுது, அங்கிட்டு என்னத்தப் பராக்குப் பாக்குறீங்க'ன்னு உள்ளுக்குக் கத்துச்சு லாத்தா. அப்ப மட்டும் கண்ணு ஓடல. பேப்பர் படிச்ச புள்ள எனக்கு வேணாம், கத்துன புள்ளைக்கி சம்மதமான்னு மட்டும் கேட்டுட்டு வா"ன்னான்.