ஒன்பதாவது மாடி வரை

— கதவு ரெண்டையும் நல்லா இழுத்து மூடு கிழவா. வெளிக்கதவு சரியா ஒட்டலன்னா இந்த லிஃப்ட் அசையாது.

— அவசரமே இல்ல நெலிதா. மகன் வீடு எங்கயும் ஓடிப்போகாது. பிப்ரவரியில வரலாமே? இது ஜனவரி, கோடை லீவு. புவெனோஸ் ஐரெஸ்ல இருக்கிற மனநல டாக்டருங்க மொத்தமும் கடற்கரைக்குப் போயாச்சு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்கு போன் பண்றது?

— எனக்கா, உனக்கா? பதினோரு வருஷமா சோபாவுல படுத்துக்கிட்டுப் பேசறவன் நீ, ஆத்திலியோ. உன் டாக்டர் லீவுல போனா உனக்கு மாத்தே டீ கூடத் தொண்டையில இறங்காது.

— அவர் தலைமாட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்திருப்பார். முகம் தெரியாது. அதனாலதான் எனக்குப் பேச்சே வருது. எதிர்ல இருந்தா, அவர் புருவம் ஏறுதா இறங்குதான்னு பார்த்து பேச்சை மாத்திடுவேன். உன் டாக்டரம்மா மாதிரி வீட்டுப்பாடம் குடுத்து, பயத்துக்கு நோட்டுல மார்க் போடச் சொல்றதில்ல அவர்.

— அதனாலதான் உனக்குப் பதினோரு வருஷம். எனக்கு மூணே மாசம். ஒன்பதை அழுத்து.

— அழுத்திட்டேன்... ஏறுது. இப்ப உன் பயத்துக்கு எவ்வளவு மார்க்?

— நூத்துக்கு எண்பது. கையைப் பிடிச்சுக்கோ. இல்ல, விடு விடு! பிடிக்கக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கா. அப்புறம் லிஃப்ட்டுல போனதுக்குப் பேர் உன் கைக்குத்தான் போகும்.

— சரி, விட்டாச்சு. ஆனா இந்தப் பயத்துக்கு வேர் எங்கன்னு தோண்ட வேண்டாமா? சின்ன வயசுல உங்கம்மா...

— எங்கம்மாவை விடு, பாவம். முப்பது வருஷம் முன்னாடி கரன்ட் போய் நாலு மணி நேரம் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். அவ்வளவுதான் வேர்.

— மூணாவது மாடி தாண்டிடுச்சு.

— முதல் வாரம் கீழ நின்னு லிஃப்ட்டைச் சும்மா பார்க்கணும். அடுத்த வாரம் கதவைத் திறந்து வெச்சு உள்ள நிக்கணும். அப்புறம் ஒரு மாடி, ரெண்டு மாடி. பயம் ஏறும். ஏறிட்டுப் போகட்டும்னு அங்கேயே நிக்கணும். கொஞ்ச நேரத்துல அதுவே களைச்சுப்போய் இறங்கிடும். நடுவுல ஓடினேன்னு வை, அடுத்த தடவை ரெட்டிப்பா வந்து நிக்கும். ஆறு மாடி வரைக்கும் பழகியாச்சு. இன்னிக்குத்தான் ஒன்பது.

— உன் முகத்துல ரத்தம் திரும்பி வந்துடுச்சு கிழவி.

— ஐம்பதுக்கு வந்துட்டேன். பேத்தி லூசிலா பொறந்து எட்டு மாசம் ஆச்சு. நம்ம மகன் எசேகியல் அவளைக் கீழ சதுக்கத்துக்குத் தூக்கிட்டு வந்து என் மடியில போடுவான். தாத்தான்னு ஒருத்தர் இருக்கறதே அதுக்குத் தெரியாது.

— நீ எப்ப மேல வர்றியோ அப்ப நானும் வரேன்னு சொன்னேனே. பெத்தவங்க சேர்ந்து போறதுதான் அழகு. நீயோ லிஃப்ட்டுல ஏற மாட்டே. அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு ஒன்பது மாடிப் படியும் ஏற முடியாது.

— சதுக்கத்துக்காவது வந்திருக்கலாம்.

— அங்க புறாத் தொல்லை.

— புறா! இறங்கு, ஒன்பது வந்தாச்சு.

— ஜெயிச்சுட்டே கிழவி! நீ போய் பெல் அடி. நான் கீழ போய் கொஞ்சம் பலகாரம் வாங்கிட்டு...

— பலகாரப் பொட்டலம் உன் கையிலதான் இருக்கு.

— ...நம்ம பாஸ்தா கடை வேண்டாம், பள்ளிக்கூடத்துல வாத்தியாராப் போறேன்னு சொன்னானே, அன்னிக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரவியோலி மாவு பிசையாதவன் என் மகனே இல்லன்னேன். ரெண்டு வருஷம் ஆச்சு. அதை டாக்டர்கிட்டயே போன நவம்பர்லதான் சொன்னேன். சொல்லி முடிக்கல, 'இன்னிக்கு இதோட போதும்'னு எழுந்துட்டார் மனுஷன். நான் சோபாவுல படுத்து ஏழே நிமிஷம்!

— சரியாத்தான் எழுந்திருக்கார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியது இந்தக் கதவுக்கு உள்ள இருக்கறவன்கிட்ட.

— அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டா?

— பார்த்துக்கிட்டேதான்.

— நெலிதா... ஒண்ணு சொல்லணும். வலி உன் முழங்காலுக்குத்தான். என் கால் நல்லாத்தான் இருக்கு. படியேறி நான் எந்த நாளும் வந்திருக்கலாம்.

— தெரியும். எனக்காக மட்டும்னா பேத்தியை நான் சதுக்கத்துலயே பார்த்துட்டு இருந்திருப்பேன். இந்த லிஃப்ட்டுக்கு நான் பழகினதே உன்னை இந்த வாசல்ல கொண்டுவந்து நிறுத்தத்தான்.