இளஞ்சிவப்பாய்த் தெரிந்த செல்கள்

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், என் கால் ஆடுவதைப் பொருட்படுத்தாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலே அப்படித்தான். நுண்ணோக்கி முன்னால் மட்டும் அடங்கும்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்குகிறதே பிட்யூட்டரி சுரப்பி, அதில் உடம்பை வளர்க்கும் செல்கள் உண்டு. குழந்தைகளின் வலிப்புக்கு வந்த புது மருந்து அவற்றைக் கெடுக்கிறதா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். சுரப்பியை மெல்லச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து எண்ணுவது என் வேலை. "எண்ணிக்கைன்னா இவர் கண்ணுதான்" என்று என்னைக் காட்டிச் சொல்வார் பேராசிரியர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் எண்ணினேன். செல்கள் குறையவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

பிழை அங்கேதான். அந்தச் சாயத்தில் வளர்ச்சிச் செல்லும் பால் சுரக்கவைக்கும் செல்லும் ஒரே இளஞ்சிவப்பு. இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும், இல்லையா?

அந்த ஜன்னலைத் திறக்கலாமா? சரி, வேண்டாம்.

எதிர் மேசைப் பெண், வளர்ச்சிச் செல்லை மட்டும் பழுப்பாக்கும் வேறு சாயம் போட்டுப் பார்த்தாள்.

"சார், மருந்து குடிச்ச எலிங்கள்ல பழுப்பையே காணோமே. நாம எண்ணினதெல்லாம் பால் செல்லு சார்."

"உன் சாயம் சரியா ஏறலம்மா. எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவள் வருவதற்குள் அவளுடைய தகடுகளைக் கரைப்பானில் போட்டுத் துடைத்தேன். மிச்சமிருந்த சுரப்பிகளை எரித்தேன். பேராசிரியரிடம், "பாவம், பொண்ணுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றேன். அந்த மாதமே அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை அவள் பையைத் தூக்கிப்போய்க் கொடுத்தது நான்தான். அழுதாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

மருந்து கடைக்கு வந்தது. வலிப்பு நின்றது, பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டாயிரம் குழந்தைகள் வளரவே இல்லை என்கிறீர்கள். மூன்று வருடமாக அதே சட்டை, அதே செருப்பு என்கிறீர்கள். வலிப்பு நின்றதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போதுகூட எழுந்து எழுந்து நடந்தேன். அந்தச் சமயத்தில்தான் அக்கா வந்தாள். அவள் மகளுக்கும் வலிப்பு. மருத்துவர் இதே மருந்தை எழுதியிருந்தார்.

"இது வேணாம்க்கா. பழைய மருந்தே இருக்கட்டும்."

"ஏண்டா, ஏதாவது கெடுதலா?"

"சேச்சே, சும்மாதான் சொல்றேன்."

சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

தகடுகளை அழித்தேன், அந்தப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன், எல்லாம் எழுதுங்கள். குழந்தைகள்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அக்கா மகளை வந்து பாருங்கள், இந்த வருடம் உயரத்தில் அம்மாவையே தாண்டிவிட்டாள்.