அண்ணிக்கு மறதி வந்த விதம்

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது, டாக்டர். எங்கள் அலுவலகத்திலும் இப்படி நாலு வாங்கிப் போடச் சொல்ல வேண்டும்.

அண்ணியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டீர்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, சோதனைகளிலும் குறையில்லை, ஆனாலும் ஆள் தேய்ந்துகொண்டே போகிறாரே, இந்த மறதி எப்படித்தான் ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். இதுவரை உங்களிடம் உதாரணங்களைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தைச் சொன்னதில்லை.

அண்ணியும் நானும் ஒரே அலுவலகம். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் இடம். அவர் வரைபவர், நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். படங்கள் எல்லாம் பின்னறையில் ஒரு பொது சர்வரில் இருக்கும். அவரவர் கம்ப்யூட்டரை அதோடு இணைப்பது ஒரு சின்ன மென்பொருள். படத்தைச் சேமிக்க நேரமாகிறது என்று எல்லாரும் முணுமுணுத்தபோது, அந்த மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றினேன். படம் சர்வருக்குப் போய்ச் சேரும்வரை காத்திராமல், 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் உடனே காட்டிவிடும். அப்படிச் செய்யக் கூடாதுதான். ஆனால் வேகம் கூடியது. மேனேஜர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார்.

கொஞ்ச நாளில் அண்ணி என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, நேத்து அந்தப் படிக்கட்டை மாத்தி வெச்சேன்பா. இன்னிக்குத் திறந்தா பழசே இருக்கு. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

அந்த மென்பொருள் தான் செய்வதையெல்லாம் லாக் என்று எழுதிக்கொண்டே போகும். சாதாரணமாக ஓரிரு வரிதான். சிக்கல் வந்தால் டிரேஸை முடுக்கிவிடுவோம், அப்போது ஒவ்வோர் அசைவையும் கொட்டும். நீங்கள் நெஞ்சில் ஒயரை ஒட்டி ஒவ்வொரு துடிப்பையும் பார்ப்பீர்களே, அதுபோல. அண்ணியின் கம்ப்யூட்டரில் அதை முடுக்கிவிட்டு வழக்கம்போல வரையச் சொன்னேன். மதியத்துக்குள் பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. அவருடைய மேஜை கடைக்கோடியில் இருந்தது. அங்கே இணைப்பு அடிக்கடி அறுந்தது. அறுந்த நேரத்தில் அவர் வரைந்தது சர்வருக்குப் போகவே இல்லை. திரை மட்டும் 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லியிருந்தது.

அப்போது மேனேஜர் வந்து நின்றார். "என்னப்பா, சாஃப்ட்வேர்ல கோளாறா?"

"சர்வர் லாக் சுத்தமா இருக்கு சார். அண்ணி சேவ் பண்ணதுக்கு அதுல தடமே இல்ல" என்றேன்.

அது பொய்யில்லை, டாக்டர். சர்வரில் தடம் இல்லைதான்.

அண்ணி என் பக்கம் குனிந்தார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் தம்பி ஆரம்பிச்சுது" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். கடைசிக் காலத்தில் அவர் அப்பா பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன். டிரேஸை அணைத்தேன்.

சத்தமில்லாமல் சரிசெய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வரி வேலைதான். ஆனால் தொல்லை சட்டென்று நின்றால், எதைச் சரிசெய்தாய் என்று கேட்பார்கள். சற்றுப் பொறுத்துச் செய்யலாம் என்று விட்டேன். இன்னொன்றும் உண்டு. அண்ணன் போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அண்ணிதான். வீட்டில் யாருக்கு என்ன மருந்து, எவர் எந்தப் பரீட்சையில் கோட்டைவிட்டார், எல்லாம் அவருக்கு விரல்நுனியில். நான் கோட்டைவிட்டவை கொஞ்சம் அதிகம். அவர் குத்திக்காட்டியதே இல்லை. ஆனால் மறந்ததும் இல்லை. அப்படிப்பட்டவர் என்னிடம் வந்து, "நான் சேவ் பண்ணேனா தம்பி, நீ பார்த்தியா?" என்று கேட்டபோது, எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றும் தெரியவில்லை.

பிறகு வீட்டிலும் கேட்கத் தொடங்கினார். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, சாவியை எங்கே வைத்தேன். மென்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்துபோன மனுஷிக்குக் கையிலிருப்பதே கண்ணில் படாது. அந்த மறதிகளை நான் செய்யவில்லை. எடுத்து உங்களிடம் சொன்னது மட்டும்தான் நான்.

ஒரு முறை அண்ணி திருத்திய படம் சர்வருக்குப் போகாமல் பழைய படமே கட்டட வேலைக்குப் போய்விட்டது. எழுப்பிய தூணை இடிக்க வேண்டியதாயிற்று. மேனேஜர் அறையில், யாரும் கேட்பதற்கு முன்பே, "தப்பு என்னோடதுதான் சார். எனக்கு முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லி வேலையை விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கைப்பையைக்கூட நான்தான் தூக்கி வந்தேன்.

மறுநாளே அந்த ஒரு வரியை மாற்றினேன். அதன்பின் ஒரு புகாரும் இல்லை. "பார்த்தியா, கோளாறு ஆள்கிட்டதான் இருந்திருக்கு" என்றார் மேனேஜர்.

இப்போது அண்ணி என் வீட்டில்தான் இருக்கிறார். உங்கள் மாத்திரைகளை நானே எடுத்துக் கொடுக்கிறேன். பாதிப் பகல் தூங்குகிறார். பென்சில் பிடித்தால் கை நடுங்குகிறது. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்பா" என்று அழுதார். இன்று மாத்திரையைக் கூட்டலாமா என்று நீங்கள் கேட்டதும், இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கூட்ட வேண்டாம், டாக்டர். அவருக்கு ஒன்றும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. எல்லாம் நான் செய்தது.

அவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்கிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. கதவைத் திறந்து இப்போதே கூப்பிடுங்கள். ஆனால் ஒன்று. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், அதெல்லாம் நிஜமா என்று அவர் என்னிடம்தான் கேட்பார்.