இரண்டு லீற்றர் குறைவு

— மூண்டு மணித்தியாலமும் இருபது நிமிசமும் ஆச்சு, நீங்கள் மோட்டச்சைக்கிள் தாங்கியைக் கழட்டி. வீடு முழுக்க இன்னும் பெற்றோல்தான் மணக்குது, ஜஸ்ரின்.

— காத்து இல்லை, அதுதான். நீர் சும்மா பயப்பிடுறீர், நிரோஜா.

— விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் பயப்பிடாமல் வேறை ஆர் பயப்பிடுறது? கையிலை என்ன?

— ஈயம். இப்பதான் கடையிலை வாங்கியந்தனான். தாங்கியிலை ஓட்டை மிளகளவுதான். சூடாக்கி ஒரு சொட்டு விட்டால் காரியம் முடிஞ்சுது எண்டு என்ரை சிநேகிதன் றெஜி சொன்னவன்.

— போன வரியம் தனக்குப் புருவம் எரிஞ்சதை அவன் சொல்லேல்லையோ?

— சொன்னவன். திரும்ப முளைச்சதையும் சொன்னவன்.

— பகிடி விடாதேங்கோ. தாங்கிக்குள்ளை இப்ப என்ன இருக்கு?

— ஒண்டுமில்லை. கவிட்டு வைச்சனான். வெறுந்தாங்கி.

— வெறுந்தாங்கிதான் ஆக மோசம். பெற்றோல் போனாலும் ஆவி உள்ளுக்கை நிக்கும். நெருப்புக் கிட்டப் போனால் எரியாது, வெடிக்கும். நாளைக்குக் கராச்சிலை குடுப்பம். உந்த ஈயத்தை இஞ்சை தாங்கோ.

— சரி, இந்தாரும். பற்றறி வயரைக் கழட்டினனான், குழாயைப் பூட்டினனான், முத்தத்திலை வைச்சுத்தான் வடிச்சனான். ஒண்டும் பிழையாச் செய்யேல்லை.

— வடிச்சது எவ்வளவு?

— நாலு லீற்றர். எங்கடை பிளாஸ்ரிக் கானிலை, கிணத்தடி நிழலிலை கிடக்கு.

— முந்தநாள் ஆறு லீற்றர் அடிச்சனீங்கள். பிறகு ஒரு இடமும் ஓடேல்லை. மிச்சம் ரெண்டு எங்கை?

— ஒழுகியிருக்கும்.

— மிளகளவு ஓட்டையாலை ரெண்டு லீற்றரோ? முத்தத்து மண் காய்ஞ்சு கிடக்கு, நான் போய்த் தொட்டுப் பாத்தனான்.

— பள்ளிக்கூடத்திலையும் பிள்ளையளை இப்பிடித்தான் குடையிறனீரோ?

— சொல்லுங்கோ. குசினிக்குள்ளையோ வைச்சனீங்கள்?

— அந்தோனியாராணை வீட்டுக்குள்ளை இல்லை. எங்கடை கான் நிரம்பிட்டுது. வேறை ஒரு கான் இரவல் வாங்கினனான்.

— ஆரிட்டை?

— சொன்னால் கத்துவீர்.

— எனக்குக் கத்தத் தெம்பில்லை. இண்டைக்கு லூர்த்தம்மாவையே கத்தாமல் அனுப்பினனான்.

— பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவையோ? பெரிய வெள்ளியிலையிருந்து நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லையே.

— இப்பவும் கதைக்கேல்லை. நீங்கள் ஈயம் வாங்கப் போன நேரம் மதிலாலை கையை நீட்டி, கீழை இருந்த மஞ்சள் கானைக் காட்டினா. தூக்கிக் குடுத்தன். ஏன் எங்கடை பக்கம் வந்ததெண்டு நானும் கேக்கேல்லை. அவவும் வாய் திறக்கேல்லை.

— மஞ்சள் கானையோ?

— ஓம், அவவின்ரை மண்ணெண்ணைக் கான்தானே. ஏன் எழும்புறியள்?

— மணந்து பாக்கேல்லையோ?

— மத்தியானத்திலையிருந்து என்ரை மூக்குக்கு எல்லாம் ஒரே மணம். உங்கடை முகம் ஏன் இப்பிடிப் போகுது?

— லூர்த்தம்மா இப்ப எங்கை?

— தன்ரை குசினியிலை. வடை சுட மண்ணெண்ணை அடுப்பு மூட்டுறா போலை. பம்ப் அடிக்கிற சத்தம் கேக்குதே.

— கூப்பிடும், நிரோஜா, கெதியாக் கூப்பிடும். அந்தக் கானை அவவின்ரை மனுசனிட்டைத்தான் வாங்கினனான், அவவுக்குத் தெரியாது. அதுக்கை கிடக்கிறது மிச்ச ரெண்டு லீற்றர் பெற்றோல்.