விரல் நுனியில் ஒரு சொட்டு

ரமாபாய்: கையை இழுக்காத செங்கொடி! தவறிச்சுன்னா இன்னொரு வாட்டி குத்தணும்.

செங்கொடி: நானா இழுக்கறேன்? குளிர்ல அதுவா ஆடுதுக்கா... யோவ் வேம்பு, இன்னா பராக்கு பாத்துகினு கீற? புடிய்யா.

வேம்பு: புடிச்சிகினுதான்மே கீறேன்.

ரமாபாய்: அவ்ளோதான். ரத்தத்தைக் கண்ணாடில தேச்சாச்சு.

செங்கொடி: விம்கோ நகர் கொசுவெல்லாம் உன்கிட்ட வந்து தொழில் கத்துக்கணும்க்கா.

ரமாபாய்: பேசு, பேசு. மலேரியாக்காரின்னா எல்லாத்துக்கும் எளக்காரம். எத்தினி நாளா ஜொரம்?

செங்கொடி: ஒரு வாரமா. ஒரு நாள் வுட்டு ஒரு நாள், டான்னு வந்துடுது.

ரமாபாய்: புள்ள அசையுதா?

செங்கொடி: காலைல ஒதச்சுது. அப்பால... தெரிலக்கா.

வேம்பு: ஆட்டோ சொல்லிகீறேன். இதோ வந்துடும்.

ரமாபாய்: நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அஞ்சு மாசத்துல இந்த ஜொரத்தை வச்சுகினு வூட்ல படுக்கக் கூடாது. முழுகாம கீறேன்னு டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லு. பதினாலு நாள் மாத்திரை ஒண்ணு கீது, வயித்துல புள்ளயோட அதைத் துன்னக் கூடாது.

செங்கொடி: நான் எந்த ஊருக்கும் போகலியே. எங்கேர்ந்து வந்து ஒட்டிச்சு?

ரமாபாய்: மொட்டை மாடி டேங்குல மூடி ஒடஞ்சு கீது. எட்டிப் பாத்தேன். புழு நெளியுது.

செங்கொடி: கொசு அங்க பொறக்குது, சரி. மலேரியாவைக் கடையிலயா வாங்குச்சு? அந்த ஜொரம் கீறவன் எவனையாச்சும் கடிச்சிட்டுத்தானே என்னைக் கடிக்கணும்?

வேம்பு: ஏந்திரும்மே, ஆட்டோ சத்தம் கேக்குது.

செங்கொடி: இருய்யா. போன மாசம் நீ இதே மாரிதானே ஆடின? ரெண்டு கம்பளி போத்தியும் பத்தல.

வேம்பு: மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் துன்னேன், போயிடுச்சு. எனுக்குத்தான் மலேரியா இல்லன்னு வந்துச்சே...

செங்கொடி: அதான் கேக்கறேன். அக்கா, நீதானே வந்து இவன் ரத்தம் எடுத்துகினு போன?

ரமாபாய்: வந்தேன்... நீ தண்ணி புடிக்கப் போயிருந்த.

வேம்பு: அக்கா, வுடு. இப்ப எதுக்கு?

ரமாபாய்: இல்ல வேம்பு. டாக்டர் கேப்பாரு. நீட்டு விரலை, உனுக்கும் எடுக்கணும்.

செங்கொடி: இந்தாளுக்கு எதுக்கு மறுபடி?

வேம்பு: மறுபடி இல்லம்மே... அன்னிக்குக் குத்தவே இல்ல. நான்தான் கெஞ்சினேன். மலேரியான்னு தெரிஞ்சா எண்ணூர் யார்டுல வேலைக்கு வுடாம கேட்டுலயே நிறுத்திடுவான். நீ வேற புள்ளத்தாச்சி... குத்தாதக்கா, சொம்மா எழுதிக்கோன்னேன்.

செங்கொடி: அடப்பாவி! குத்தாம எப்டிய்யா ரிசல்ட்டு வந்துச்சு? வெறுங் கண்ணாடியவா பாத்தான்?

வேம்பு: அதான் எனுக்கும் தெரில...

செங்கொடி: அக்கா. என் மூஞ்சியப் பாரு.

ரமாபாய்: அன்னிக்குப் பதினோரு வூடு ஏறி எறங்கிட்டேன், நிக்கவே முடியல. இவன்கிட்ட மல்லுக்கட்ட தெம்பில்ல... படிக்கட்டுல குந்திகினு என் விரலைக் குத்தி, இவன் பேரை எழுதிட்டேன், செங்கொடி.