பொங்கலுக்கென்று விட்ட காய்

நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குப் போகும் காலை பஸ். முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னதைக் கேட்ட பிறகு, கையிலிருந்த பேப்பரில் நான் ஒரு வரியும் படிக்கவில்லை.

“பிள்ளையார் என்ர கொடியை நிப்பாட்டிப்போட்டார், தங்கச்சி.”

“எந்தக் கொடிங்க அக்கா?”

“நீ நுவரெலியாச் சொந்தக்காரரிட்ட வாங்கித் தந்த விதைதான். தோலோட கறி வைக்கிற பட்டாணி. வேலி முழுக்கப் படர்ந்து, பூவெண்டால் அவ்வளவு பூ. இப்ப ஒண்டும் இல்லை.”

“காயைப் பறிச்சீங்களா?”

“எப்பிடிக் காயை ஆயிறது? முதல் காய் பிள்ளையாருக்கெல்லோ. தைப்பொங்கலுக்கு வைப்பமெண்டு ஒண்டிலயும் கை வைக்கேல்லை.”

இளையவர் தலையில் கை வைத்தார்.

“ஐயோ அக்கா, அது தட்டையா இருக்கும்போதே பறிக்கணும். பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். உள்ள மணி முத்திட்டா கொடி அதோட நின்னுரும். இங்க பனி விழுற கொஞ்ச நாள்தான் அதுக்குக் காலமே.”

“ஓம். பொங்கலண்டு பாத்தால் எல்லாம் நார். அதைத்தான் படைச்சனான்.”

பஸ் புளியங்குளத்தைத் தாண்டியது.

“முத்தினதை விதைக்குக் காயவிட்டிருக்கிறன்,” என்றார் மூத்தவர்.

“அடுத்த வருசம் முதல் காய் யாருக்குங்க?”

“பிள்ளையாருக்குத்தான். ஆனால் ஆய்ஞ்ச அண்டைக்கே கொண்டுபோய் வைப்பன். பொங்கல் வரைக்கும் பொறு எண்டு சொன்னது நான். அவர் சொல்லேல்லை.”